டிரைவர் இல்லாத நோட்டில் காத்துக்கிடக்கும் பொட்

சில வாரங்களுக்கு முன் கண்டியில் பொறியியலாளர் சிலர் கூடியிருந்த ஒரு மாலையில், இளம் நண்பர் ஒருவர் தம் க்யூபர்நெட்டீஸ் க்ளஸ்டரின் சேமிப்பக டிரைவர்களை எந்தெந்த நோட்டில் ஓடவிடுகிறார் என்பதை ஒரே ஹெல்ம் கோப்பில் அடக்கிக் காட்டினார். லினக்ஸுக்கு ஒரு நோட் செலக்டர். ஏஆர்எம் இயந்திரங்களை விலக்க ஓர் அஃபினிட்டி. ஜிபியூ நோட்டுகளுக்குள் நுழைய ஒரு டொலரேஷன். கோப்பு அழகாக இருந்தது. எல்லோரும் கைதட்டினோம், நானும் தட்டினேன். அதன் பிறகு அவர், டிரைவர் ஓட வேண்டிய இடத்தை இப்படி எழுதிவிட்டால் கலப்பு க்ளஸ்டரில் சேமிப்பகத்துக்கான வேலை முடிந்துவிடும் என்றார். யாரும் மறுக்கவில்லை. தலையசைத்தவர்களில் என்னைவிட மூத்தவர்களும் இருந்தார்கள். அன்று பேசாமல் வீட்டுக்கு வந்ததற்காக இன்றுவரை மனம் உறுத்துகிறது. அந்தக் கூற்று தவறு. பாதி வேலையை முழு வேலையென்று நம்பவைக்கும் தவறு.

கலப்பு க்ளஸ்டர் நம் நாட்டில் யாரும் ஆசைப்பட்டுக் கட்டியதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. டொலரில் வரும் முகில் கணக்கு ஒரே காலாண்டில் ஏறக்குறைய இரட்டிப்பானது. புதிய சேர்வர் வாங்க வழியில்லை. ஓய்வுபெற வேண்டிய பழைய இன்டெல் பெட்டிகள் மீண்டும் வேலைக்கு வந்தன. கணக்கு மென்பொருளுக்காக விட்டுவைத்த வின்டோஸ் சேர்வரையும் க்ளஸ்டருக்குள் இழுத்தோம். முகிலில் மலிவாகக் கிடைக்கும் ஏஆர்எம் இயந்திரங்களைப் பக்கத்தில் சேர்த்தோம். ஒரு க்ளஸ்டருக்குள் இரண்டு இயங்குதளம், இரண்டு வகைச் செயலி, இரண்டு இடம். நான் பார்த்துக்கொள்ளும் க்ளஸ்டரும் இப்படித்தான் வளர்ந்தது. என் வீடு அலவத்துகொடவில். பெட்டிகள் கண்டியில். இடையில் ஏ9 வீதி. மழைக்காலத்தில் பிங்கா ஓயா பெருகி அக்குறணை நகருக்குள் தண்ணீர் ஏறினால் அந்த வீதியும் கிடையாது. தொலைவிலிருந்து பராமரிப்பவனுக்கு, க்ளஸ்டர் தன்னைப் பற்றித் தானே சரியாகத் தெரிந்துவைத்திருப்பது வசதி சார்ந்த விஷயமில்லை, தேவை.

நண்பரின் வழிமுறையில் இருக்கும் நன்மைகளை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிஎஸ்ஐ என்ற பொது இடைமுகத்தில் எழுதப்படும் சேமிப்பக டிரைவர் இரண்டு துண்டாக வருகிறது. வட்டை உருவாக்கவும் இணைக்கவும் கட்டளையிடும் கட்டுப்பாட்டுப் பகுதி எங்காவது ஓரிடத்தில் ஓடினால் போதும். நோட் பகுதியோ டெமன்செட்டாக, வட்டு ஏற்றப்படும் ஒவ்வொரு நோட்டிலும் இருந்தாக வேண்டும். அந்த நோட் பகுதி பெரும்பாலும் முழு அதிகாரத்துடன் ஓடுவது, நோட்டை இயக்கும் குபிலெட்டின் கோப்பகத்துக்குள் கைவைப்பது. அதை வேண்டாத இடத்தில் ஓடவிடாமல் தடுப்பது பாதுகாப்பு. லினக்ஸ் டிரைவரை வின்டோஸ் நோட்டுக்கு அனுப்பிப் பயனில்லை. அங்கே அதே அர்த்தத்தில் முழு அதிகாரக் கொள்கலனே இல்லை. முதலில் சிஎஸ்ஐ ப்ரொக்ஸி என்ற இடைத்தரகர் வந்தது, பிறகு க்யூபர்நெட்டீஸின் 1.26ஆம் பதிப்பில் ஹோஸ்ட் ப்ரொசஸ் கொள்கலன்கள் நிலைபெற்றன. அந்த இடைத்தரகரிலேயே 2023இல் அதிகாரத்தை உயர்த்திக்கொள்ள இடம்தரும் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. இன்டெல்லுக்கு மட்டும் கட்டிய படிமத்தை ஏஆர்எம்மில் ஏற்றினால் முதல் கட்டளையிலேயே விழும், விழுந்து எழுந்து விழுந்துகொண்டே இருக்கும். அமேசானின் ஈபிஎஸ் டிரைவர் தன் நோட் பகுதியை ஹைபிரிட் நோட்டுகளிலிருந்து தானாகவே விலக்கிக்கொள்கிறது. அமேசானுக்கு வெளியே நிற்கும் இயந்திரத்தில் அமேசான் வட்டை ஏற்ற முடியாது என்பதால் அது சரியான முடிவு. ஆக, டிரைவரின் இடத்தைக் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். அதில் எனக்கு விவாதமே இல்லை.

கோப்பு எழுதுவதில் நேரும் தவறுகளிலும் நீண்ட நேரம் நிற்கப்போவதில்லை. ஹெல்மில் அகராதி வடிவ மதிப்புகள் ஒன்றோடொன்று கலக்கும். பட்டியல் வடிவ மதிப்புகள் கலக்காது, பழையதை அழித்து அந்த இடத்தில் உட்காரும். புதிதாக ஒரு டொலரேஷன் சேர்த்தேன் என்று நினைப்பவர் பல வேளைகளில் தயாரிப்பாளர் தந்த எல்லா டொலரேஷன்களையும் நீக்கியிருப்பார். அஃபினிட்டியில் ஒரே நிபந்தனைக் கட்டுக்குள் எழுதியவை எல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும், தனித்தனிக் கட்டுகளாக எழுதினால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். லினக்ஸாகவும் இருக்க வேண்டும், இன்டெல்லாகவும் இருக்க வேண்டும் என்று எண்ணி இரண்டு கட்டாக எழுதியவரின் டிரைவர் இன்டெல் வின்டோஸிலும் இறங்கும், ஏஆர்எம் லினக்ஸிலும் இறங்கும். லோங்ஹோர்ன் என்ற சேமிப்பக மென்பொருளில் நாம் நிறுவும் பகுதிகளுக்கு ஓர் இடத்திலும், அது தானே உருவாக்கும் பகுதிகளுக்கு வேறோர் இடத்திலும் எழுத வேண்டும். ரூக் என்ற இன்னொன்றில் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு ஒன்று, நோட் பகுதிக்கு ஒன்று. இவையெல்லாம் கவனத்தால் தீரும் தவறுகள். ஒருமுறை சுட்டுக்கொண்டவர் மறக்கமாட்டார்.

கவனத்தால் தீராத ஒன்று இருக்கிறது. சில வருடமாக நான் சொல்லிவருவது அதைத்தான்.

டிரைவர் எங்கே ஓட வேண்டும், எங்கே ஓடக்கூடாது என்று டெமன்செட்டுக்குச் சொல்கிறோம். டிரைவர் இல்லாத நோட்டுக்குப் போகாதே என்று, வட்டைக் கேட்கும் வேலைக்கு யாரும் சொல்வதில்லை. ஷெடியூலரும் சொல்வதில்லை. ஒரு பொட்டுக்கு, அதாவது வேலையின் ஓடும் அலகுக்கு, நோட் தேடும்போது ஷெடியூலர் பலவற்றைப் பார்க்கிறது. நினைவகம் போதுமா, நோட்டில் இட்ட டெயின்ட் என்ற தடையைத் தாங்குமா, வொலியூமுக்கு இடக்கட்டுப்பாடு எழுதப்பட்டிருக்கிறதா, இந்த நோட்டில் இன்னும் எத்தனை வட்டு இணைக்கலாம், இவ்வளவையும் பார்க்கிறது. அந்த வட்டை ஏற்றத்தெரிந்த டிரைவர் அந்த நோட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. தகவல் கையில் இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு நோட்டிலும் பதிவான டிரைவர்களின் பெயர்களைக் குபிலெட் சிஎஸ்ஐநோட் என்ற பொருளில் எழுதிவைக்கிறது. வட்டு எண்ணிக்கை வரம்பை அறிய ஷெடியூலரே அதைத் திறந்து படிக்கிறது. அங்கே டிரைவரின் பெயர் இல்லையென்றால் வரம்பும் இல்லை என்று எடுத்துக்கொண்டு கடந்துபோகிறது. எத்தனை நோயாளரை ஏற்கலாம் என்று வைத்தியசாலைப் பதிவேட்டைத் திறந்தவர், வைத்தியர் பெயருக்கு நேரே வெற்றிடம் இருப்பதைக் கண்டு, அப்படியானால் எத்தனை பேரையும் அனுப்பலாம் என்று முடிவெடுப்பதைப் போன்றது இது.

அனுப்பிய பிறகு நடப்பது இன்னும் மோசம். பொட் ஒரு நோட்டோடு கட்டப்பட்டதும் ஷெடியூலரின் பொறுப்பு முடிந்துவிடுகிறது, அது திரும்பிப் பார்ப்பதில்லை. பதிவான டிரைவர் பட்டியலில் இந்தப் பெயர் இல்லை என்று குபிலெட் ஒரு நிகழ்வை எழுதும், சற்று நேரம் கழித்து மறுபடி முயலும், மறுபடி எழுதும். பொட் கொள்கலன் உருவாகிக்கொண்டிருக்கும் நிலையிலேயே நிற்கும். அது விழவுமில்லை, ஓடவுமில்லை. பக்கத்து நோட்டில் டிரைவரும் இருக்கும், இடமும் இருக்கும். யாராவது கையால் அழிக்கும்வரை அந்தப் பொட் அங்கே போகாது. அழித்தாலும் பழைய நோட்டுக்கே திரும்பிவர எந்தத் தடையும் இல்லை.

மலையகத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்த நிலைமை நன்றாகப் புரியும். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுக்குப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் சில பாடசாலைகளில் தமிழ்மொழி மூல பௌதிகவியல் ஆசிரியர் இருக்கமாட்டார். ஆசிரியர் இடமாற்றப் பட்டியல் ஒரு மேசையில், மாணவர் அனுமதிப் பட்டியல் இன்னொரு மேசையில். இரண்டு பட்டியலும் தனித்தனியே பிழையற்றவை. பிள்ளை மட்டும் வகுப்பில் காத்திருக்கும்.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை நீண்ட காலம். நான் பராமரித்த க்ளஸ்டரில் பழைய இன்டெல் சேர்வர் ஒன்றின் மின்வழங்கி கருகியது. மாற்றுப் பெட்டி கிடைத்தது. பழைய நோட்டை க்ளஸ்டரிலிருந்து நீக்கி, அதே பெயரில் புதியதை இணைத்தேன். எல்லாம் பச்சை. எங்கள் என்எஃப்எஸ் டிரைவரின் நோட் பகுதி, நாங்கள் கையால் ஒட்டிய ஒரு லேபல் உள்ள நோட்டுகளில் மட்டும் ஓடும்படி எழுதப்பட்டிருந்தது. நண்பர் காட்டிய கோப்பைப் போலவே சுத்தமான கோப்பு. கையால் ஒட்டும் லேபல் நோட் என்ற பொருளோடு வாழ்வது, நோட்டை நீக்கினால் அதுவும் போய்விடும். புதிய நோட்டில் லேபல் ஒட்ட நான் மறந்தேன். டிரைவர் அங்கே வரவில்லை. வராததை எந்த எச்சரிக்கையும் சொல்லவில்லை, ஏனென்றால் டெமன்செட்டின் கணக்கில் அந்த நோட் அதற்கு உரியதே இல்லை. வேண்டியது நான்கு, இருப்பது நான்கு. கணக்கு நேராக இருந்தது.

அன்றிரவு தரவுத்தளக் காப்புப் பிரதி எடுக்கும் வேலை கிளம்பியது. ஷெடியூலர் பாரம் குறைந்த நோட்டுக்கு அதிகப் புள்ளி கொடுக்கும். புதிதாக வந்த வெறும் நோட்டைவிடப் பாரம் குறைந்தது ஏது? காப்புப் பிரதி வேலை நேராக அங்கே போனது. என்எஃப்எஸ் வட்டைக் கேட்டது. டிரைவர் இல்லை. நின்றது. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்ததைத் தொடங்காதே என்று அந்த வேலைக்கு நாங்களே எழுதியிருந்தோம், இரண்டு பிரதி ஒரே நேரத்தில் ஓடித் தரவைக் குழப்பக்கூடாது என்ற நல்லெண்ணத்தில். ஆகவே மறுநாள் இரவு வேலை கிளம்பவே இல்லை. அதற்கடுத்த இரவும் இல்லை. ஒன்பது இரவுகள். பத்தாம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் முந்திய வாரத்துப் பிரதி ஒன்றைக் கேட்டபோதுதான் பார்த்தோம். தரவு எதுவும் அழியவில்லை. அந்த ஒன்பது நாளில் ஒரு வட்டு போயிருந்தால் நிறுவனமே போயிருக்கும்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லங்கா அரசாங்க முகில் கப்பக்கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்களுக்குக் காப்புப் பிரதியே இல்லையென்று தெரிந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் முகவரிகள். அங்கே காரணம் வேறு, என் கதைக்கும் அதற்கும் தொழில்நுட்பத் தொடர்பு கிடையாது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காப்புப் பிரதி சத்தமில்லாமல் நின்றுபோவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

லேபலை மறந்தது என் பிழைதான், மறைக்கவில்லை. ஒரு மனிதரின் மறதி ஒன்பது இரவு யாருக்கும் தெரியாமல் நீடிக்க இடம்தரும் அமைப்பை நல்ல அமைப்பு என்று எப்படிச் சொல்வது? நோட் செலக்டரில் எழுதியது டிரைவரைப் பற்றிய விதி. வேலையைப் பற்றிய விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதப்பட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இதன் மறுபக்கம் இதைவிட ஆபத்தானது. நோட் அஃபினிட்டி ஓடிக்கொண்டிருக்கும் பொட்டைத் தொடாது என்பது க்யூபர்நெட்டீஸ் படித்த எவரும் சொல்லும் பாடம். சாதாரண வேலைகளுக்கு அது சரி. டெமன்செட்டுக்குச் சரியில்லை. நோட்டின் லேபல் மாறிப் பொருத்தம் போனதும் டெமன்செட் தன் பொட்டை அந்த நோட்டிலிருந்து உடனே எடுத்துவிடும். ஒருவர் பழைய லேபல்களைத் துப்புரவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் அந்த நோட்டைவிட்டு வெளியேறுகிறது. அதன் வட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலைகள் அங்கேயே இருக்கின்றன. என்எஃப்எஸ் போலக் கேர்னல் தானே ஏற்றிவைத்த வட்டானால் வாசிப்பும் எழுத்தும் தடையின்றி நடக்கும், யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து ஒரு புதிய பதிப்பை வெளியிடும்போது பழைய பொட்டை மூட வேண்டும், வட்டை இறக்க வேண்டும், இறக்க டிரைவர் இல்லை. பொட் மூடப்படும் நிலையிலேயே தொங்கும். டிரைவருக்குள்ளேயே ஓடும் ஒரு செயல்முறைதான் கோப்பமைப்பைத் தாங்கிநிற்கிறது என்றால், ஃப்யூஸ் வழி வரும் பல டிரைவர்கள் அப்படித்தான், டிரைவர் போன கணத்திலேயே வேலையின் காலடித் தரை இல்லாமல் போகும். நோட்டைக் காலிசெய்யும் கட்டளைக்குக்கூட ஒரு விவேகம் இருக்கிறது. அது டெமன்செட்டைத் தொடாமல் வேலைகளை மட்டும் நகர்த்துகிறது. லேபலை எடுக்கும் ஒற்றைக் கட்டளைக்கு அந்த விவேகம் இல்லை. உயிருள்ள வட்டுகள் பன்னிரண்டு இருக்கும் நோட்டிலிருந்து டிரைவரைக் கழற்றும் முன், உறுதியா என்று அது ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இந்த வழிமுறையை ஆதரிப்பவர்களிடம் பதில்கள் உண்டு. வருடக்கணக்காகக் கேட்டுவருகிறேன்.

வேலைக்கும் அதே நோட் செலக்டரை எழுதிவிடுங்கள் என்பது முதல் பதில். எத்தனை வேலைகளுக்கு? எழுதுபவர் யார்? மென்பொருள் எழுதும் அணிக்குத் தன் வட்டு என்எஃப்எஸ்ஸா, லோங்ஹோர்னா, ஈபிஎஸ்ஸா என்று தெரிய வேண்டியதில்லை என்பதற்காகத்தானே ஸ்டோரேஜ் க்ளாஸ் என்ற திரையைக் கட்டினோம்? வட்டு வேண்டுமென்று கேள், எங்கிருந்து வருகிறதென்று கேட்காதே என்பதுதான் அதன் வாக்குறுதி. டிரைவர் எந்த லேபலில் ஓடுகிறதென்று ஒவ்வொரு அணியும் தெரிந்து தன் கோப்பில் எழுதிவைத்தால் அந்தத் திரை கிழிந்துபோகிறது. நாளை டிரைவரின் லேபலை மாற்றினால் நாற்பது கோப்புகளை மாற்ற வேண்டும். வெளியிலிருந்து வாங்கிய ஹெல்ம் பொதி ஒன்றில் அஃபினிட்டி எழுத இடமே இருக்காது, அந்த ஒன்றுதான் ஒருநாள் மாட்டும்.

இரண்டாவது பதில், டிரைவரை எல்லா நோட்டிலும் ஓடவிடுங்கள், எல்லா டெயின்டையும் தாங்கட்டும் என்பது. ஈபிஎஸ் டிரைவரின் பொதியில் நோட் பகுதிக்கு இதுதான் முன்னிருப்பு. இதில் நியாயம் இருக்கிறது. வேலை தாங்கும் டெயின்டை டிரைவர் தாங்காவிட்டால், ஜிபியூ நோட்டுக்குப் போன வேலை வட்டுக்காகக் காத்துக்கிடக்கும். நோட்டிலிருந்து எல்லாம் வெளியேற்றப்படும்போதும் வட்டை இறக்கிக் கொடுக்க டிரைவர் கடைசிவரை நிற்க வேண்டும். ஒரே இயங்குதளம், ஒரே செயலி, ஒரே இடம் என்றிருக்கும் க்ளஸ்டரில் நானும் இதையே செய்வேன். ஆனால் டொலரேஷன் என்பது நுழைய அனுமதி, ஓடும் திறன் அதனால் வந்துவிடாது. கண்டியில் நிற்கும் பெட்டிக்குள் அமேசான் டிரைவர் நுழைந்து என்ன செய்யும்? வின்டோஸில் லோங்ஹோர்ன் நுழைந்து என்ன செய்யும்? எல்லா இடத்திலும் ஓட முடியாத டிரைவரை எல்லா இடத்திலும் ஓடவிடுங்கள் என்பது கலப்பு க்ளஸ்டரை மறந்துவிட்டுச் சொல்லும் பதில்.

மூன்றாவது, டோபொலஜி. டிரைவர் தன் நோட்டின் வலயத்தை அறிவித்தால், உருவாகும் வொலியூமில் இடக்கட்டுப்பாடு எழுதப்படும், ஷெடியூலர் அதை மதிக்கும். உண்மை. ஈபிஎஸ் வகை டிரைவர்கள் இதனால் பெருமளவு காப்பாற்றப்படுகின்றன. என்எஃப்எஸ் போல எங்கிருந்தும் எட்டக்கூடிய சேமிப்பகத்தின் டிரைவர்கள் பொதுவாக எந்த வலயத்தையும் அறிவிப்பதில்லை. எட்டுவதற்குத் தடையில்லைதானே என்பது அவற்றின் எண்ணம். ஏற்றுவதற்கு ஆள் வேண்டுமென்பதை அந்த எண்ணம் கணக்கில் எடுப்பதில்லை. நம் ஊர்களில் பழைய என்ஏஎஸ் பெட்டியை நம்பியிருக்கும் நிறுவனங்களே அதிகம். பாதுகாப்பு மிகக் குறைவான டிரைவர் வகைதான் பணம் மிகக் குறைவானவர்களின் கையில் இருக்கிறது.

நான்காவது பதில் மட்டும் எனக்குப் பிடித்தது. நோட் பிறக்கும்போதே டிரைவர் தயாரில்லை என்ற டெயின்டோடு பிறக்கட்டும், டிரைவர் வந்து பதிவானதும் அதுவே டெயின்டை நீக்கட்டும். ஈபிஎஸ் டிரைவர் இதைச் செய்கிறது. வட்டை ஏற்ற ஆள் வந்துவிட்டார் என்ற செய்தி ஷெடியூலருக்கு அது புரியும் மொழியிலேயே போகிறது. குறை என்னவென்றால், டெயின்ட் வட்டு கேட்காத வேலையையும் தடுக்கும். ஒரு நோட்டில் மூன்று டிரைவரில் இரண்டு மட்டும் ஓடுவது நியாயமாக இருக்கும் கலப்பு க்ளஸ்டரில், மூன்றாவதற்காக நோட்டையே பூட்டிவைக்க முடியாது. நோட் பிறந்த பிறகு லேபல் போய் டிரைவர் வெளியேறினாலோ இந்த ஏற்பாடு எதுவும் சொல்லாது.

ஷெடியூலர் ஏன் இதைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடாது என்ற கேள்விக்கு அதை எழுதுபவர்களிடம் ஒரு நேர்மையான காரணம் இருக்கிறது. க்ளஸ்டரைத் தானாகப் பெருக்கும் ஆட்டோஸ்கேலர், இன்னும் பிறக்காத நோட்டை மனத்துக்குள் உருவாக்கி, இந்தப் பொட் அங்கே உட்காருமா என்று கணக்குப் பார்க்கிறது. பிறக்காத நோட்டில் டிரைவர் பதிவாகியிருக்காது. டிரைவர் இல்லாத நோட்டை ஷெடியூலர் கண்டிப்பாக விலக்கினால், புதிய நோட் உதவாது என்று ஆட்டோஸ்கேலர் முடிவெடுக்கும், க்ளஸ்டர் பெருகாமலே நிற்கும். டிரைவர் இப்போது இல்லை என்பதும் இங்கே ஒருபோதும் வராது என்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரிகின்றன. இந்தச் சிக்கலை ஆட்டோஸ்கேலரோடு சேர்த்துத் தீர்க்கும் முன்மொழிவு ஒன்றை க்யூபர்நெட்டீஸ் குழுவே அண்மையில் கையிலெடுத்திருக்கிறது. வரவேற்கிறேன். ஆனால் சிஎஸ்ஐ பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது 1.13ஆம் பதிப்பில், 2018 டிசம்பரில். பெரிய முகிலில் நோட்டுகள் தானாகப் பெருகுபவர்களின் சிரமத்துக்காக, ஆறு நோட்டுக்கு மேல் ஒருபோதும் பெருகாத எங்களைப் போன்றவர்கள் இத்தனை வருடம் இந்த ஓட்டையோடு வாழ்ந்திருக்கிறோம். ஆட்டோஸ்கேலர் இல்லாத க்ளஸ்டருக்கு ஒரு விருப்பத் தெரிவாகவாவது இதை எப்போதோ தந்திருக்கலாம். பதிவேடு திறந்தேதான் இருக்கிறது.

இதைப் படிப்பவரில் சிலர், எல்லா வழிமுறைக்கும் ஓட்டை உண்டு, ஒன்றைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். நண்பரின் கோப்பில் பிழை இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்காது. பிழையிருந்தால் டிரைவர் விழும், சிவப்பு எரியும், யாராவது எழுந்து பார்ப்பார்கள். பிழையே இல்லாத கோப்புதான் என் காப்புப் பிரதியை ஒன்பது இரவு நிறுத்தியது. டிரைவரை எவ்வளவு நுணுக்கமாக விலக்குகிறோமோ அவ்வளவு நோட்டுகளில் வேலை போய் மாட்டிக்கொள்ளும் இடத்தை உருவாக்குகிறோம். விலக்கும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே வேலையை விலக்கும் வரி ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாத கோப்பை முடிந்த வேலையென்று இளையவர்களுக்குக் கற்பிப்பதை என்னால் ஏற்க முடியாது.

இப்போது நான் பராமரிக்கும் க்ளஸ்டரில் டிரைவருக்கான லேபலைக் கையால் ஒட்டுவதில்லை. டிரைவர் ஓட வேண்டிய இடத்தை, நோட் பிறக்கும்போதே குபிலெட் தானாக எழுதும் இயங்குதள லேபலும் செயலி லேபலும் தீர்மானிக்கின்றன. நோட்டை நீக்கி இணைத்தாலும் அவை திரும்பிவரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறிய வேலை சிஎஸ்ஐநோட் பதிவேட்டை வாசித்து, எந்த நோட்டில் எந்த டிரைவர் உண்மையாகவே பதிவாகியிருக்கிறதோ அதை அந்த நோட்டின் லேபலாக எழுதுகிறது. டிரைவர் போனால் லேபலும் போகும். இந்த இரண்டாவது லேபலை டெமன்செட்டின் கண்ணில் படவிடுவதில்லை. பட்டால், லேபல் இல்லாததால் டிரைவர் வராது, டிரைவர் வராததால் லேபல் வராது. பொட் உருவாகும் வாசலில் கைவெர்னோ என்ற கருவியின் விதி ஒன்று நிற்கிறது. பொட் கேட்கும் வட்டின் ஸ்டோரேஜ் க்ளாஸைப் பார்த்து, அதற்குரிய பதிவு லேபல் உள்ள நோட்டுக்கு மட்டும் போகும்படி அஃபினிட்டியை அதுவே சேர்க்கிறது. எந்த அணியும் எதையும் எழுத வேண்டியதில்லை. காப்புப் பிரதி வேலைக்கு இரண்டு மணித்தியால வரம்பு. அதற்குள் முடியாவிட்டால் தோற்றதாகக் கணக்கு, என் தொலைபேசி அடிக்கும்.

போன மாதம் அது அடித்தது, அதிகாலை மூன்றரைக்கு. நல்ல மழை. அக்குறணைக்கு அப்பால் போக முடியுமா என்று தெரியாது. காப்புப் பிரதிப் பொட் எங்கேயும் கட்டப்படாமல் நின்றிருந்தது, பொருந்தும் நோட் எதுவும் இல்லையென்று ஷெடியூலர் தெளிவாக எழுதியிருந்தது. முந்திய மாலை டிரைவரின் புதிய பதிப்பை ஏற்றியிருந்தோம், ஒரு நோட்டிலும் அது பதிவாகவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பினேன். அடுத்த சில நிமிடங்களில் லேபல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வேலையை மறுபடி தொடக்கினேன். ஓடி முடித்தது.